பாஸ்போர்ட்டோடு ஆட வரும் லீக்

ஆக்லாந்து விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே நடந்துவிட முடியாது. நியூசிலாந்தின் காடுகளையும் பண்ணைகளையும் காப்பதற்கென்றே அங்கே தனிச் சோதனை உண்டு. பையில் கிடக்கும் ஓர் ஆப்பிளைச் சொல்லாமல் விட்டால் 400 டாலர் அபராதம். காலணியின் அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர்கள் பலரும் ஆறரை அடி உயரம். எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சட்டை. ஆஸ்திரேலியாவின் பெர்த் வைல்ட்கேட்ஸ் கூடைப்பந்து அணி. அவர்கள் முழங்காலுக்கும் எட்டாத ஒரு பீகிள் மோப்ப நாய், ஷூ பைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனது. வாலை ஆட்டியபடி அது நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் காலடி எடுத்து வைத்தார். எல்லார் கையிலும் பாஸ்போர்ட். அவர்கள் வந்திருந்தது உலகக் கோப்பைக்கு அல்ல; தங்கள் நாட்டு லீக்கின் ஒரு சாதாரண ஆட்டத்துக்கு.

பெர்த்திலிருந்து நானும் அதே விமானத்தில்தான் வந்தேன். ஆஸ்திரேலியக் கண்டத்தின் அகலம் முழுவதையும் தாண்டி, பிறகு டாஸ்மன் கடலையும் தாண்ட வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஏழு மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை ஐந்து மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க வேண்டும். உலகின் பல நாடுகளின் தேசிய லீக்குகள் ஒரே பேருந்தில் சுற்றி முடித்துவிடக்கூடியவை. இதுவோ ஒரு சமுத்திரத்தின் ஓரத்திலிருந்து இன்னொரு சமுத்திரத்துக்குள் போகிறது. இதைப் பார்க்கவே இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவின் தேசிய கூடைப்பந்து லீக் 1979-இல் தொடங்கியது. இப்போது அதில் பத்து அணிகள். ஒன்பது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. பத்தாவது, 2003-இல் சேர்ந்த நியூசிலாந்து பிரேக்கர்ஸ். தேசிய லீக் என்று பெயர் வைத்துவிட்டு வேறு நாட்டு அணியை எப்படிச் சேர்க்கலாம்? இந்தக் கேள்விக்கு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் பதில் தேட வேண்டும். சிட்னியிலிருந்து ஆக்லாந்து சுமார் 2,150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பதைவிடக் கூடுதல். அதே சிட்னியிலிருந்து பெர்த் சுமார் 3,300 கிலோமீட்டர். உள்நாட்டு அணிதான் தூரம், வெளிநாட்டு அணிதான் பக்கம். கடல் தாண்டுவதுதான் குறை என்றால் டாஸ்மேனியாவும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தத் தீவின் அணியான ஜாக்ஜம்பர்ஸ், லீக்கில் நுழைந்த மூன்றாவது பருவத்திலேயே, 2024-இல், கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

ஆக்லாந்தில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் இன்னொரு எரிமலை மேடு தெரிகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின்மேல் கட்டிய நகரம் இது. துறைமுகப் பாலத்தில் பேருந்து ஏறும்போது வலப்பக்கம் பாய்மரப் படகுகள் நெருக்கமாக நிற்கின்றன. அதே பக்கம், தூரத்தில், ரங்கிடோடோ எரிமலைத் தீவு நீரிலிருந்து இரு பக்கமும் ஒரே சாய்வில் எழுந்து நிற்கிறது. 1959-இல் இந்தப் பாலம் திறக்கும்வரை அக்கரையான நார்த் ஷோர் பகுதிக்குப் படகில் போனார்கள். அந்த அக்கரையில்தான் பிரேக்கர்ஸ் வளர்ந்தது. வைராவ் பள்ளத்தாக்கில், கார் பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே ஓர் உள்ளரங்கம். நாலாயிரம் பேர் சுமாருக்கு உட்காரலாம். பகல் வேளையில் நான் போனபோது சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் காலணி பலகைத் தரையில் கீச்சிடும் சத்தம் வாசலிலேயே கேட்டது.

அந்த அணி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ரக்பியைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்காத நாட்டில், டால் பிளாக்ஸ் என்று அழைக்கப்படும் தேசியக் கூடைப்பந்து அணி, 2002-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த உலகப் போட்டியில் அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பிடித்தது. நாற்பது லட்சம் மக்கள் மட்டுமே இருந்த நாடு. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய லீக்கில் பிரேக்கர்ஸ் இறங்கியது. முதல் சில பருவங்களில் அடி வாங்கியது. பிறகு ஆண்ட்ரே லெமானிஸ் பயிற்சியாளராக வந்து பொறுமையாக ஓர் அணியைக் கட்டினார். 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள். 2015-இல் கெய்ர்ன்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரில், ஹூட்டர் ஒலிக்கும் நொடியில் எக்கீன் இபெக்வே பின்னால் சாய்ந்தபடி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்து நான்காவது கோப்பையையும் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை ஆஸ்திரேலியாவின் கோப்பை நியூசிலாந்துக்குப் போயிற்று.

ஆஸ்திரேலியர்கள் இதற்குக் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. மாறாக, 2013-இல் லெமானிஸையே தங்கள் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் மெருகேறிய திறமை இவர்கள் வீட்டுக்குத் திரும்பியது. இந்த ஒரு நியமனத்தை மட்டும் பார்த்தாலே இரு பக்கத்துக்கும் லாபம் என்று சொல்லிவிடலாம்.

இதற்கு அடியில் நீண்ட வரலாறும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 1900-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், மாநிலங்களாகச் சேரக்கூடிய குடியேற்றங்களின் வரிசையில் நியூசிலாந்தின் பெயரும் இன்றுவரை அச்சில் இருக்கிறது. 1908, 1912 ஒலிம்பிக் போட்டிகளுக்கு இரு நாடுகளும் ஆஸ்திரலேசியா என்ற ஒரே அணியாகப் போயின. 1973 முதல் ஒரு நாட்டுக் குடிமகன் மறு நாட்டில் தங்கி வேலை செய்யப் பெரிய தடை இல்லை. அதனால்தான் இந்த லீக்கில் நியூசிலாந்துக்காரர் எந்த அணியில் ஆடினாலும் வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் வரமாட்டார். விளையாட்டு வழி காட்டியது என்பதைவிட, ஏற்கெனவே போடப்பட்டிருந்த பாதையில் விளையாட்டு நடந்தது என்பதே உண்மை. ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியில் நியூசிலாந்தின் வாரியர்ஸ் 1995-இல் சேர்ந்தது. கால்பந்தில் வெலிங்டன் பீனிக்ஸ் 2007-இல்.

ஆக்லாந்தில் நான் தங்கியது ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில். அவருடைய மகள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். ஆட்டத்துக்கு மூவரும் சேர்ந்து போனோம். துறைமுகத்தை ஒட்டிய பெரிய அரங்கம், பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளக்கூடியது. ஜனவரி மாதம், மாலை ஏழரை மணிக்கு ஆட்டம். வெளியே வெயில் இன்னும் கட்டடங்களின் கண்ணாடியில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதே நொடியில் மெல்போர்னில் மணி ஐந்தரை, பிரிஸ்பேனில் நாலரை, பெர்த்தில் பகல் இரண்டரை. ஒரு பந்து மேலே போகிறது. ஒரே லீக்கின் ரசிகர்கள் சிலர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டும், சிலர் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் அதைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தை வைப்பவர்களுக்கு இது பெரிய தலைவலிதான். பார்வையாளனாக எனக்கு அது பெரும் அதிசயமாக இருந்தது.

ஏழு மணி நேரப் பயணம் பெர்த் ஆட்டக்காரர்களின் காலில் தெரிந்தது என்றே சொல்வேன். மூன்றாம் கால்பகுதியில் அவர்களின் நடு ஆட்டக்காரர் ரீபவுண்டுக்கு எழும்பியபோது விரல் நுனி மட்டும் பந்தில் பட்டது. முதல் பாதியில் அதே உயரத்தில் இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தவர் அவர். டைம் அவுட்டில் இருக்கைக்கு வந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் பேசி முடிக்கும்வரை எடுக்கவே இல்லை. ஆனால் பிரேக்கர்ஸின் நிலை இன்னும் கடுமை. மற்ற அணிகளுக்குப் பருவத்தில் ஓரிரு தடவை வரும் டாஸ்மன் கடல் பயணம், இவர்களுக்கு ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் வருகிறது.

இடைவேளையில் நண்பர் சொன்னார்: “அண்ணை, இது அவையளின்ர லீக்தான். நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா டீம் எங்கட டீம். ரெண்டும் சரிதானே?” மகள் குறுக்கே வந்தாள்: “மாமா, கொரோனா நேரம் டீம் இஞ்ச இல்லை. எல்லா மேட்சும் டிவியிலதான். ஹோம் கேம் எண்டு போடுவினம், பாத்தா டாஸ்மேனியாவில நடக்கும்.”

அவள் சொன்னதில்தான் இந்த விவாதத்தின் உயிர் இருக்கிறது. எல்லைகள் மூடியபோது பிரேக்கர்ஸ் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடினார்கள். 2021–22 பருவத்தில் சொந்த நாட்டில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அந்தப் பருவத்தை அவர்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். வீடு திரும்பிய மறு பருவத்திலேயே இறுதித் தொடருக்குப் போய், சிட்னி கிங்ஸ் அணியிடம் ஐந்தாவது ஆட்டம் வரை போராடித் தோற்றார்கள். அமெரிக்க லீக்கில் 2019-இல் கோப்பை வென்ற கனடாவின் டொரான்டோ ராப்டர்ஸுக்கும் இதே கதிதான். 2020–21 பருவம் முழுக்க ஃபுளோரிடாவின் டாம்பாவில் ஆட வேண்டியிருந்தது. எல்லையில் ஒரு கதவு மூடினால் முதலில் அடிபடுவது கடலுக்கு அப்பால் இருக்கும் அணி. அப்படிப்பட்ட அணியைச் சேர்க்கிற லீக் அந்தச் சுமையையும் பகிர்ந்துகொள்ளத் துணிய வேண்டும்.

எல்லா வெளிநாட்டு அணிக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. அதற்குச் சான்று நமக்குப் பக்கத்தில், சிங்கப்பூரில் இருக்கிறது. நியூகாசில் நகரின் ஹண்டர் பைரேட்ஸ் அணியின் உரிமத்தை வாங்கி, 2006-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் இதே ஆஸ்திரேலிய லீக்கில் இறங்கியது. காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் ஆட்டங்கள். ஆசியாவின் நடுவே ஆஸ்திரேலிய லீக். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய கனவாகத் தோன்றியிருக்கும்! அந்தப் பருவங்களில் சிங்கப்பூரும் ஆக்லாந்தும் மோதிய ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள்: ஆஸ்திரேலிய லீக்கின் ஆட்டம், இரண்டு பக்கமும் ஆஸ்திரேலிய ஊர் இல்லை, நடுவில் பத்து மணி நேர விமானம். இரண்டே பருவங்களில், 2008-இல், பயணச் செலவு தாங்கவில்லை என்று ஸ்லிங்கர்ஸ் விலகிவிட்டது. தூரம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அணி சிங்கப்பூரில் இருந்தது. ஆடியவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அல்ல. 2009-இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் அதே ஸ்லிங்கர்ஸ் சேர்ந்து, பக்கத்து நாட்டு அணிகளோடு ஆடி, 2016-இலும் 2019-இலும் இறுதித் தொடர் வரை போனது. கனடாவிலும் எல்லா அணியும் நிலைக்கவில்லை. 1995-இல் ஒன்றாக அமெரிக்க லீக்கில் சேர்ந்த இரண்டு அணிகளில் டொரான்டோ நிலைத்தது. வான்கூவர் 2001-இல் மெம்ஃபிஸுக்கு இடம் பெயர்ந்தது.

பிரேக்கர்ஸில் சொந்த மண்ணின் வேர் இருக்கிறது. நியூசிலாந்துக்காரரான தாமஸ் அபர்க்ராம்பி 2008-இல் சேர்ந்து, 2024-இல் ஓய்வு பெறும்வரை இந்த லீக்கில் ஒரே அணிக்கு நானூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 2011 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். நியூசிலாந்துக்கென்று 1982 முதல் நடக்கும் சொந்த லீக்கும் இதனால் அழிந்துவிடவில்லை. ஆஸ்திரேலிய லீக் 1998-இல் கோடைக்காலத்துக்கு மாறியது. நியூசிலாந்து லீக் குளிர்காலத்தை ஒட்டி நடக்கிறது. நெல்சன் ஜயன்ட்ஸுக்கோ வெலிங்டன் செயின்ட்ஸுக்கோ ஆடுகிற ஒருவர், அது முடிந்ததும் இங்கே வந்து ஆடலாம். இரண்டு லீக்கும் ஒரே மாதங்களில் நடந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பெரிய லீக் ஒன்று அண்டை நாட்டின் சின்ன லீக்கை விழுங்கிவிட்டால், அதற்குப் பிறகு அண்டை நாட்டில் ஆட்டக்காரர்கள் எங்கிருந்து முளைப்பார்கள்?

ஆகவே, வெளிநாட்டு அணியைச் சேர்க்கலாமா என்று கேட்டால் என் பதில்: சேர்க்கலாம், அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் ஆடுவார்கள் என்றால், அந்த ஊர் லீக் அதனால் சாகாது என்றால். புதிய சந்தை பிடிக்க மட்டும் தொலைதூர ஊரில் ஒரு பெயர்ப் பலகையை மாட்டுவதாக இருந்தால் வேண்டாம். ஆஸ்திரேலிய லீக் பிரேக்கர்ஸை ஒருநாளும் விடக் கூடாது. அதோடு, ஆக்லாந்தில் மட்டும் ஆடாமல் வெலிங்டனுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் ஒவ்வொரு பருவத்திலும் சில ஆட்டங்கள் போக வேண்டும். நாட்டின் பெயரைத் தாங்கிய அணி நாடு முழுவதுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

அன்றைய ஆட்டம் பிரேக்கர்ஸுக்கு. கடைசி ஹூட்டர் ஒலித்த பிறகும் பத்து நிமிடம் ஆட்டக்காரர்கள் தடுப்புக் கம்பிகளோடு நின்று சிறுவர்களின் பந்துகளிலும் சட்டைகளிலும் கையெழுத்துப் போட்டார்கள். நண்பரின் மகள் வாங்கியது தோற்ற பெர்த் அணியின் பாயிண்ட் கார்டிடம். “மாமா, அவர்தான் நல்லா விளையாடினவர்” என்றாள்.

அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் அந்தப் பக்கம் போகிற தமிழர்கள், ஹாபிட்டன் படப்பிடிப்புத் தளத்துக்கும் எரிமலைகளுக்கும் ஒதுக்குகிற நேரத்தில் ஒரு மாலையை இதற்கும் ஒதுக்குங்கள். பருவம் தொடங்கும் முன்பே ஆட்ட அட்டவணை வெளியாகிவிடும். முடிந்தால் பெர்த் அணி வருகிற நாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.