படங்கும் கம்பளியும்

எல்ல இரயில் நிலையத்தில் இறங்கும் வெளியூரார் யாவரும் தெமோதரைப் பக்கமுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை நோக்கியே விரைகின்றனர். நாமும் விரைந்தோம். 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அப்பாலம் கண்ணுக்கு இனியதே; மறுப்பதற்கில்லை. எனினும், வழியில் தேயிலைச் சரிவொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் உடையில் நம் கண்கள் தங்கிவிட்டன.

சேலைக்கு மேல், இடையைச் சுற்றி ஒரு முரட்டு விரிப்பு. அதற்குப் 'படங்கு' என்று பெயர். முன்னாளில் சாக்கு; இந்நாளில் பெரும்பாலும் பிளாஸ்டிக். பனியில் நனைந்த செடிகளும் கவ்வாத்து வெட்டிய கூர்ங்கிளைகளும் சேலையைப் பாழாக்காதிருக்க இதைக் கட்டுகின்றனர்.

"படங்கு இல்லாட்டி ஒரு சீலை ஒரு மாசங்கூடத் தாங்காதுங்க ஐயா" என்றார் ஓர் அம்மையார். அவருடைய பாட்டியார் காலத்தில் கம்பளியும் இருந்ததாம். மழையில் அதையே கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்களாம்.

அந்தக் கம்பளிக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டங்களில் அது வழங்கப்பட்டது. இனாமாக அன்று, விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கடன் ஏறிக்கொண்டே போயிற்று. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். தோளில் போடுவதும் துண்டு, தோளை அழுத்தியதும் துண்டு! அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் பாலம் முடிந்த அதே 1921இல்தான். பாலத்தைப் படம் பிடிப்போருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

லாவோஸ் மலைகளிலிருந்து 1975க்குப் பின் தப்பியோடிய மோங் மக்கள், தாய்லாந்து அகதி முகாம்களில் இருந்தபோது, தாம் மேக்கொங் ஆற்றைக் கடந்த கதையைத் துணியிலே பூத்தையலாகத் தைத்தனர். அத்துணிகள் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பொழுதெல்லாம் கொழுந்தில் கைவைத்த நம் பெண்களுக்கு ஊசி பிடிக்க நேரம் ஏது? ஆயினும் பழஞ்சேலையை அவர்கள் எறிவதில்லை. லயத்துக் கூரையில் அது தொட்டிலாகும்; பிள்ளை வளர்ந்தபின், கூடைக் கயிறு தலையை அறுக்காதிருக்க மடித்துப் போடும் துணியாகும். அக்கதையை எந்தக் கண்ணாடிப் பேழையில் வைப்பது?

அம்மையாரின் மகள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாளாம். 1978இல் கட்டுநாயக்கவில் வர்த்தக வலயம் தொடங்கியபின் விரிந்த தொழில் அது. அவள் தைக்கும் உடைகள் எந்த நாட்டுக்குப் போகின்றன என்பது தாய்க்குத் தெரியவில்லை. சென்ற பொங்கலுக்கு வந்தவள், தாய்க்கு ஒரு படங்கு தைத்துக் கொடுத்தாளாம்.

"மெசின் தையலுங்க, பிரியவே இல்லை" என்று ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். அதற்குள் கொழுந்து நிறுக்க அழைப்பு வந்தது. கூடையுடன் ஏறிப் போய்விட்டார்.