கடதாசி வந்து சேர்ந்ததா?

நான் பலாங்கொடைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். 1977, 1981, 1983 வன்செயல்களால் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன எங்கள் சனங்கள் 2009 வரை யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டார்கள். இன்று அவர்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, இணையப் படிவத்தின் மூலம் உதவி கேட்டு அனுப்புகின்றார்கள். அந்தப் படிவத்தைப் பராமரிப்பது இப்போது என் வேலை.

"அனுப்பிட்டேன் தங்கச்சி, ஒரு பதிலையும் காணோம்" என்றார் கிளிநொச்சி அக்கா ஒருவர். எனக்கு முன் வேறொருவர் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். அது பிஎச்பி மொழியில் இருந்தது. நாம் மாற்றாவிட்டால் அதில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், முழுப் படிவத்துக்கு 8 மெகாபைட்தான் எல்லை. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படமே 3, 4 மெகாபைட் வரும். கோப்பு பெரிதென்றால் பிழை இலக்கம் 1 கிடைக்கும். அதை வாசித்துச் சொல்ல அங்கே ஒரு வரிகூட இல்லை. படிவம் முழுவதும் 8ஐத் தாண்டினால் இன்னும் மோசம். பெயர், முகவரி எல்லாமே வெறுமையாகிவிடும். அப்படியிருந்தும் அக்காவுக்கு "நன்றி" என்று காட்டியிருக்கின்றது! அவர் பல மாதம் காத்திருந்தார்.

எல்லையைக் கூட்டினேன். படம் சேராவிட்டால் தமிழில் அதைச் சொல்லவும், சேர்ந்தால் ஒரு இலக்கம் கொடுக்கவும் எழுதினேன். அக்கா மறுபடி அனுப்பி, இலக்கத்தைப் பிரதியின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டார்.

இன்னொரு விடயமும் உண்டு. வரும் கோப்பு முதலில் தற்காலிக இடத்தில்தான் இருக்கும். நிரல் முடிவதற்குள் வேறிடத்துக்கு நகர்த்தாவிட்டால் அழிந்துவிடும். நகர்த்தும்போது அனுப்பியவர் வைத்த பெயரை நம்பக்கூடாது. இரண்டு பேர் ஒரே பெயரில் அனுப்பினால் முதலாமவரின் பத்திரம் போய்விடும். படமென்று சொல்லி யாரேனும் ஒரு நிரலையே அனுப்பலாம். அது பொதுக் கோப்புறையில் கிடந்தால், முகவரியைத் தட்டியதும் ஓடத் தொடங்கும். ஆகவே கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையை அறிந்து, புதுப் பெயர் வைக்கின்றேன்.

என்னைத் தூங்கவிடாதது அந்தப் பொதுக் கோப்புறைதான். காணாமற்போன கணவரின் பெயர், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் முகவரி தெரிந்த எவரும் பார்க்கும்படி கிடந்தன. இணையத்திலிருந்து எட்டாத வேறு இடத்துக்கு அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக் கொண்டுபோக எனக்கு இரண்டு நாள் பிடித்தது.