பிழைக்கு எதிர்ப்பிழை

மூக்குக் கண்ணாடி அணிபவர்களில் பலர் தங்கள் கண்பரிசோதனைச் சீட்டை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் நீட்டுவதற்கான தாள் என்பதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. என் இடக்கண்ணுக்கான வரியில் மூன்று எண்கள் உண்டு: கோளம் மைனஸ் 2.00, சிலிண்டர் மைனஸ் 1.25, அச்சு 170. முதல் எண் கிட்டப்பார்வையைக் குறிப்பது, எல்லோரும் அறிந்தது. மற்ற இரண்டும் எதைச் சொல்கின்றன என்று தேடத் தொடங்கியதில், தமிழ் இலக்கியம் படித்த நான் எதிர்பாராத ஓர் உலகத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கே கண்டவற்றுள் சில, வகுப்பறையில் நான் அன்றாடம் செய்யும் வேலைக்கு மிக அருகில் இருந்தன. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப்படலம் பந்தின் மேற்பரப்பைப் போல எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருந்தால், தொலைவிலுள்ள ஒரு புள்ளி விழித்திரையிலும் புள்ளியாகவே குவியும். ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால், ஒளி ஓரிடத்தில் குவியாது. இரு வேறு தொலைவுகளில் இரண்டு கோடுகளாகக் குவியும். இதற்குத்தான் அஸ்டிக்மாட்டிசம் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘ஸ்டிக்மா’ என்றால் புள்ளி. முன்னால் நிற்கும் ‘அ’ எதிர்மறை. ‘புள்ளியின்மை’ என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம். இச்சொல்லை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்.

என் கண்ணுக்குக் கோள எண்ணை மட்டும் கொடுத்துச் சிலிண்டரை விட்டுவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழச் செங்குத்தான சிறு கோடாக நீளும். ‘ப’வின் இரு நெடுங்கோடுகள் தெளிவாக நிற்க, அடிக்கோடு மட்டும் மங்கும். மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி கீழிறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘க்’ எது, ‘க’ எது என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியிட்டு எழுதும் வழக்கமில்லை என்பதை நண்பர்கள் அறிவார்கள். அவற்றைப் படிப்பவருக்கும் இதே வேலைதான்.

இக்குறைக்கு முதன்முதலாகக் கண்ணாடி வடிவமைத்தவர் ஜார்ஜ் பிடெல் ஏரி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரச வானியலாளராக விளங்கியவர். 1825இல், இருபதுகளின் தொடக்கத்தில், படிக்கும்போது தம் இடக்கண் வேலையே செய்வதில்லை என்பதைக் கவனித்தார். ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணை நோக்கி மெல்ல நகர்த்திப் பார்த்தார். ஆறு அங்குலத் தொலைவில் அந்தத் துளை ஒரு கோடாகத் தெரிந்தது. மூன்றரை அங்குலத்தில், முதல் கோட்டுக்குச் செங்குத்தான இன்னொரு கோடாகத் தெரிந்தது. அவ்விரு தொலைவுகளும் கோட்டின் சாய்வும் கிடைத்த பிறகு மற்றவை வெறும் கணக்கு. ஒரு முகம் கோளக் குழிவாகவும் மறுமுகம் உருளைக் குழிவாகவும் அமைந்த வில்லையை வகுத்து, இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினார். குறையைத் துல்லியமாக அளந்ததும் அந்த அளவே மருந்துச் சீட்டாகிவிட்டது. கண் எந்தத் திசையில் எவ்வளவு மிகுதியாக வளைக்கிறதோ, வில்லை அதே திசையில் அவ்வளவு குறைத்து வளைக்க வேண்டும். தனியே எடுத்துப் பார்த்தால் அந்த வில்லையும் கோணலானதுதான்.

ஏரிக்கு முன்பே, 1801இல், தாமஸ் யங் தம் கண்ணில் இக்குறையைக் கண்டு எழுதியிருந்தார். அவர் உருளை வில்லை எதையும் செய்யவில்லை. ஆனால் கேரி என்ற கருவிக் கைவினைஞர் தம்மிடம் கூறியதாக ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்: குழிவில்லை வாங்குபவர்களில் பலர் அதைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெளிவாகத் தெரிகிறது என்கிறார்களாம். காரணம் எளிது. குறையே இல்லாத கோள வில்லையாக இருந்தாலும், ஒளி அதன்வழியே சாய்வாகச் செல்லும்போது புள்ளி புள்ளியாகக் குவிவதில்லை. வில்லையைச் சாய்ப்பதால் பிறக்கும் இந்தப் பிழை, கண்ணின் பிழைக்கு எதிர்த்திசையில் அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. எண்பதுகளின் கடைசியில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்துவது எங்கள் பக்கத்து ஊர்களில் பரவாத காலம். சோடாபுட்டியின் அடிப்பாகம் போன்ற கனத்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை அவர் ஒருநாளும் நேராக அணிந்ததில்லை. கீழ் விளிம்பு கன்னத்தில் பதிய, மேல் விளிம்பு புருவத்தை விட்டு விலகி நிற்க, சாய்த்து வைத்துக்கொண்டுதான் தினத்தந்தி படிப்பார். சட்டகம் வளைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. சித்தப்பா இரண்டு முறை டவுனுக்கு எடுத்துப்போய் நிமிர்த்திக்கொண்டு வந்தார். அப்பத்தா வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு வரி பார்த்துவிட்டு, பழையபடி சாய்த்துக்கொள்வார். “நேராப் போட்டா எழுத்து நிழலாடுதப்பா, சாச்சாத்தான் நிக்கிது” என்பார். அந்தக் கால அறுவையில் விழியின் விளிம்பைத் திறந்து தைக்கும்போது அதன் வளைவு மாறி அஸ்டிக்மாட்டிசம் உண்டாவது சாதாரணம். பத்து டயாப்டர் திறனுள்ள குவிவில்லையை இருபது பாகை சாய்த்தால், ஒரு டயாப்டருக்குச் சற்று மிகுந்த சிலிண்டர் கிடைக்கும் என்கிறது கணக்கு. இவற்றில் எதையும் அறியாமலே, தமக்கு வேண்டிய வில்லையை அப்பத்தா தம் மூக்கின் மேலேயே வடிவமைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றாறில் இறக்கும்வரை சிலிண்டர் என்ற சொல்லை அவருக்குச் சொன்னவர் எவருமில்லை.

பிழையைப் பிழையால் சமன் செய்யும் இந்த வழி இன்னும் பெரிய அளவில் தென்படுவது நிறப்பிறழ்ச்சியின் வரலாற்றில். கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். ஆகவே ஒற்றை வில்லையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனி இடத்தில் குவியும். உருவத்தைச் சுற்றி வண்ணக் கரை படியும். வளைவைக் குறைத்தால் கரையும் குறையும் என்பதால் பதினேழாம் நூற்றாண்டு வானியலாளர்கள் தொலைநோக்கியை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரத்தில் ஹெவேலியஸ் அமைத்தது 150 அடி நீளம். நியூட்டன் இதற்குத் தீர்வே கிடையாது என்ற முடிவுக்கு வந்தார். எல்லாப் பொருள்களிலும் வளைக்கும் திறனும் நிறம் பிரிக்கும் திறனும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். நிறத்தை நீக்கினால் வளைவும் நீங்கிவிடும் என்பது அவர் கருத்து. 1668இல் வில்லையைக் கைவிட்டுக் குழியாடியால் தொலைநோக்கி செய்தார்.

அவர் எண்ணிய உலகில் தீர்வு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உலகம் அப்படி இல்லை. சன்னல்களுக்குப் பயன்பட்ட கிரவுன் கண்ணாடியும், மதுக்கோப்பைகளுக்குப் பயன்பட்ட, ஈயம் கலந்த ஃபிளிண்ட் கண்ணாடியும் இவ்விகிதத்தில் வேறுபட்டவை. நிறத்தை எவ்வளவு குறைவாகச் சிதறடிக்கிறது என்பதைச் சொல்லும் ஆபே எண், கிரவுனுக்குச் சுமார் 60, ஃபிளிண்டுக்குச் சுமார் 36. ஒரு டயாப்டர் திறனுள்ள வில்லை வேண்டுமென்றால், கிரவுனில் 2.5 டயாப்டர் குவிவில்லையும் ஃபிளிண்டில் 1.5 டயாப்டர் குழிவில்லையும் செய்து ஒட்டவைக்க வேண்டும். திறன் 2.5இலிருந்து 1.5 போக ஒன்று மிஞ்சும். நிறச் சிதறலோ 2.5ஐ 60ஆல் வகுத்தாலும் 1.5ஐ 36ஆல் வகுத்தாலும் ஒன்றே. எதிரெதிராக நின்று அழிந்துபோகும். இரண்டு கண்ணாடிக்கும் எண் ஒன்றாக இருந்தால், நிறம் அழியும்போது திறனும் சேர்ந்தழிந்து, மிஞ்சுவது வெறும் சன்னல் கண்ணாடிதான்.

இதை முதலில் செய்தவர் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். காலம் 1730களின் தொடக்கம். ரகசியம் வெளியாகாமலிருக்க இரண்டு வில்லைகளையும் இரு வேறு கடைகளில் செய்யக் கொடுத்தார். இரு கடைக்காரர்களும் அவ்வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே தொழிலாளியிடம் ஒப்படைக்க, இரண்டும் ஒருவருக்கே உரியவை என்று அவர் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். 1747இல் ஆய்லர், மனிதக் கண்ணுக்கு நிறப்பிறழ்ச்சி இல்லை, ஆகவே செயற்கை வில்லையிலும் அதைப் போக்க முடியும் என்று வாதிட்டார். கண்ணுக்கு நிறப்பிறழ்ச்சி உண்டு என்பதை இன்று அறிவோம். தவறான காரணத்தின் வழியே சரியான முடிவை அவர் அடைந்திருக்கிறார். நியூட்டனின் பக்கம் நின்று அவரை மறுத்த ஜான் டாலண்ட், பட்டு நெசவாளராக வாழ்வைத் தொடங்கியவர், பின்னர் தாமே சோதனைகள் செய்து பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டு 1758இல் காப்புரிமை பெற்றார். 1766இல் வழக்கு நடந்தபோது ஹால் முந்தியவர் என்பது மறுக்கப்படவில்லை. ஆனாலும் அவர் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு வெளிப்படுத்தவில்லை என்பதால் காப்புரிமை டாலண்டின் குடும்பத்துக்கே நிலைத்தது.

பதிப்பியல் பாடம் நடத்தும் எனக்கு இந்த இடத்தில் சுவடிகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பிரதிகள் தேடி ஊர் ஊராக அலைந்தது, பிழையற்ற ஒரு பிரதி எங்கோ இருக்கும் என்ற நம்பிக்கையால் மட்டும் அன்று. ஒருவர் கை பிழைத்த இடத்தில் இன்னொருவர் கை பிழைக்காதிருக்கலாம். பிழைகள் வேறுபட்டால்தான் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்த முடியும். ஒரே தாய்ச்சுவடியிலிருந்து எடுத்த இருபது படிகள் கிடைத்தாலும், தாயின் பிழையைப் பொறுத்தவரை அவை ஒரே படிதான். நியூட்டன் எண்ணிய கண்ணாடிகளைப் போன்றவை அவை. இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. வில்லையின் பிழைக்கு அளவும் திசையும் இருக்கின்றன, கூட்டிக் கழிக்கலாம்; ஏடெழுதியவரின் பிழையைக் கழிக்க வாய்பாடு கிடையாது. யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கண்ணின் அஸ்டிக்மாட்டிசத்தை ஒரு சிலிண்டர் தீர்த்துவிட்டது. புகைப்பட வில்லைகள் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அங்கே பிரச்சினை சாய்வொளி. படத்தின் நடுவில் தெளிவும் ஓரங்களில் குழப்பமும். வில்லையின் பிழைகளைக் கோளப்பிறழ்ச்சி, கோமா, அஸ்டிக்மாட்டிசம், தளவளைவு, உருத்திரிபு என ஐந்தாகப் பிரித்து 1857இல் கணக்கிட்டுக் காட்டினார் ஸைடல். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று தலைதூக்கும். நிறத்தை நீக்கவும் படத்தைத் தட்டையாக்கவும் வேண்டிய கண்ணாடி வகைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பழைய வகைகளில் நன்கு வளைப்பவை எல்லாம் நிறத்தையும் நன்கு சிதறடித்தன. 1884இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், ஆபேயுடன் சேர்ந்து கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கி, பேரியம் கலந்த புதிய வகைகளை உருவாக்கிய பிறகே வழி பிறந்தது. இவை மிகுதியாக வளைக்கும், ஆனால் குறைவாகவே சிதறடிக்கும். 1890இல் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் வடிவமைத்த அனஸ்டிக்மாட் வில்லையின் முன்பாதி பழைய வகைக் கண்ணாடி இணை, பின்பாதி புதிய வகை இணை. முன்னதன் அஸ்டிக்மாட்டிசத்தைப் பின்னது எதிர்த்திசையில் ஈடு செய்தது. புதிய கண்ணாடி கைக்கு வந்த பிறகும் அவர் பழையதைத் தூக்கி எறியவில்லை. அதன் பிழை அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பின்னும் மிச்சம் இருக்கத்தான் செய்தது. இரு கண்ணாடி வில்லை இரண்டு நிறங்களைத்தான் ஓரிடத்தில் கூட்டும். மூன்றாவது சற்றுத் தள்ளியே நிற்கும். அனஸ்டிக்மாட்டிலும் அஸ்டிக்மாட்டிசம் முற்றாக மறைவது படத்தின் ஒரு வட்டத்தில் மட்டுமே. எஞ்சிய பிழையை எந்த இடத்தில், எவ்வளவு விட்டுவைப்பது என்று முடிவு செய்வதும் வில்லை வடிவமைப்பின் ஒரு பகுதி.

சென்ற ஆண்டு ஒரு தேர்வில் இருபத்தெட்டு விடைத்தாள்கள் திருத்தினேன். ஒரு சங்கப் பாடலுக்கு இருபத்தாறு பேர் ஒரே பொருளை, ஒரே சொற்களில், ஒரே தவறோடு எழுதியிருந்தார்கள். ஊற்றுக்கண் கடையில் விற்கும் ஒரு நோட்ஸ். அதற்கடுத்த பருவத்தில், வகுப்பில் எல்லோரும் பாடநூலை வைத்திருக்க, ஒரு மாணவி மட்டும் தன் தாத்தாவின் பெட்டியிலிருந்த பழைய மலிவுப் பதிப்பைக் கொண்டு வந்தாள். பக்கத்துக்கு இரண்டு அச்சுப்பிழைகளாவது இருந்த புத்தகம் அது. ஆனால் பாடநூலில் ‘களம்’ என்றிருந்த ஓரிடத்தில் அவள் புத்தகத்தில் ‘கலம்’ என்றிருந்தது. எது சரி என்று கேட்டாள். அந்த ஒரு மணி நேரமும் அதிலேயே போயிற்று. நூலகத்திலிருந்து மேலும் இரண்டு பதிப்புகளை எடுத்து வரச் சொன்னேன், பழைய உரையைப் பார்த்தோம், எதுகையைப் பார்த்தோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மணி அடித்தபோதும் முடிவுக்கு வரவில்லை. பாடத்திட்டப்படி அன்று முடித்திருக்க வேண்டிய பாடலில் பாதி மிச்சம். இந்த ஆண்டு வகுப்பு தொடங்கிய முதல் நாளே, வீட்டில் எந்தப் பழைய பதிப்பு கிடந்தாலும், எவ்வளவு பிழையானதாக இருந்தாலும், கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை நான்கு வந்திருக்கின்றன. நான்கும் வெவ்வேறு.