சாவியைக் கொடுத்தவள் நான்தான்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, சீட்டு ஏலத் தேதி எல்லாம் தவறாமல் குறித்து வைப்பேன். கார் இன்ஷூரன்ஸ் முடிகிற தேதியை மட்டும் குறித்ததே இல்லை. அது ஆண்கள் சமாசாரம் என்று இருந்துவிட்டேன். இப்போது புதுக் காலண்டர் வந்ததும் சிவப்பு மையில் முதலில் எழுதுவது அதைத்தான். அந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2018-ல் என் கணவர் ஒரு சின்னக் கார் வாங்கினார். பழைய கார்தான். “ஒன் பேர்லயே இருக்கட்டும், ராசியான பேரு” என்று என் பெயரில் பதிவு செய்தார். எனக்கு ஒரே பெருமை. ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, ஆர்.சி.யில் என் பெயர் இருக்கிறதே! மதினியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன். பெயர் இருந்தால் பொறுப்பும் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

மூத்தவனுக்கு 2019 ஜூனில் பதினெட்டு முடிந்தது. உடனே எல்.எல்.ஆர். எடுத்தான். அது ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். கல்லூரி, பரீட்சை என்று போகவே இல்லை. டிசம்பரில் அதுவும் காலாவதி ஆயிற்று. “லைசென்ஸ் வாங்காம ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுல” என்று அவன் அப்பா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

2020 பொங்கலுக்கு முந்தின நாள். அவர் வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தார். கரும்பும் மஞ்சள் குலையும் வாங்கியாகவில்லை. எனக்கு வாசல் நிறையக் கோலம் போடுகிற அவசரம். “சாவியக் குடும்மா, அரை மணி நேரத்துல வந்திருதேன்” என்றான். ஆணியில் மாட்டியிருந்த சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். “பாத்துப் போ” என்று ஒரு வார்த்தை வேறு!

சேரன்மகாதேவி சாலையில், வாழை இலைக் கட்டோடு சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மேல் கார் மோதிவிட்டது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. என் மகனுக்கு ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெரியவரின் மனைவி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் திட்டவில்லை. “நாளைக்குப் பொங்கலு தாயி. இந்த எலைய வித்துத்தான் அரிசி வாங்கணும்னு போனாரு” என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

“இன்ஷூரன்ஸ் இருக்கு, கவலைப்படாதே” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது.

நம் நாட்டில் எந்த வண்டியும் மூன்றாவது மனிதருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இது. அதற்கு முந்தைய 1939-ம் வருடச் சட்டத்திலும் இது உண்டு. மூன்றாவது மனிதர் என்றால், நம் வண்டியால் அடிபடுகிறவர். அவருக்காகத்தான் இந்த இன்ஷூரன்ஸ். நம் வண்டி நசுங்கினால் இதில் ஒரு காசு வராது. அதற்குத் தனியாக, முழு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால்? அடிபட்டவர் தவித்துப் போகக் கூடாது. ஆகவே கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்குச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று கோர்ட் உத்தரவிட முடியும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் போதாது, சொந்தக்காரர் கவனக் குறைவாக இருந்தார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது.

ஆகவே, சாவியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி என்னிடம் வந்து நின்றது. தெரிந்தவர் ஒருவர், “எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிருங்க மதினி. பெரியவருக்கு எப்படியும் பணம் கிடைச்சிரும். கம்பெனிதானே கொடுக்கப் போகுது?” என்று யோசனை சொன்னார். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கோர்ட்டில் என் பக்கத்தில் மகன் நின்றான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. “நான்தான் கொடுத்தேன்” என்றேன்.

கம்பெனி பெரியவருக்குக் கொடுத்தது. 2023-ல் எனக்கு நோட்டீஸ் வந்தது. வட்டியோடு இரண்டு லட்சத்து எண்பதாயிரம். என் கை வளையல் ஆறு பவுன் போயிற்று. மிச்சத்துக்குச் சீட்டுப் பணம். போலீஸ் வழக்கில் மகன் கட்டிய அபராதம் தனி.

என் தங்கை மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை ஓட்டுகிறான் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் தாவி ஏறிவிடுமாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றால் கொஞ்சம் சலுகையும் உண்டாம். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி மூலமாக அரசாங்கத்துக்கு எஸ்.ஆர்.-22 என்ற சான்று கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் மூன்று வருடம் அதைத் தொடர வேண்டும். “அங்க ஆபத்தான கைக்கு வெலை ஜாஸ்தி பெரியம்மா” என்றாள்.

இங்கே அப்படி இல்லை. மூன்றாவது மனிதர் பிரீமியத்தை அரசாங்கமே வண்டியைப் பார்த்து நிர்ணயிக்கிறது. ஓட்டுகிறவரைப் பார்த்து அல்ல. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருடம் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய், அதற்கும் மேலே 7,897 ரூபாய், வரி தனி. நாற்பது வருடம் நிதானமாக ஓட்டியவருக்கும் நேற்று லைசென்ஸ் வாங்கிய பையனுக்கும் ஒரே தொகைதான். போக்குவரத்து விதியை மீறுகிறவர்களுக்குப் பிரீமியத்தைக் கூட்டலாம் என்று 2021-ல் ஒரு குழு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு யோசனை சொல்லியிருக்கிறது. இங்கே ஆபத்தான கைக்கு விலை முன்கூட்டித் தெரிவதில்லை, சகோதரிகளே. எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக வந்து நிற்கிறது.

முழு இன்ஷூரன்ஸில் மட்டும் நிதானத்துக்கு ஒரு பரிசு உண்டு. ஒரு வருடம் எதுவும் கேட்காமல் இருந்தால், நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 சதவீதம். ஒருமுறை கேட்டுவிட்டால் தள்ளுபடி போய்விடும். கதவில் விழுந்த சின்ன நசுங்கலுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கேட்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேதி முடிந்து 90 நாள் புதுப்பிக்காமல் விட்டாலும் தள்ளுபடி போய்விடும்.

இன்னொன்று. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடமும், புது ஸ்கூட்டருக்கு ஐந்து வருடமும் மூன்றாவது மனிதர் இன்ஷூரன்ஸை வாங்கும்போதே சேர்த்துக் கட்டி விடுகிறோம். அந்த நிம்மதியில் பிறகு மறந்தே போகிறோம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 5,000 ரூபாய். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்திருக்கிறார்கள். டியூஷனுக்குத்தானே போகிறான் என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் தாய்மார்கள் இதை மனதில் வையுங்கள்.

என் மகன் 2021-ல் முறையாகப் பழகி லைசென்ஸ் வாங்கினான். பெரியவரால் இப்போது சைக்கிள் மிதிக்க முடியாது. வீட்டு வாசலிலேயே இலை விற்கிறார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மகன்தான் போய் இலை வாங்கி வருவான். பேரம் பேச மாட்டான். முதல் தடவை போனபோது அவர் இவனைப் பார்த்து, “லைசென்ஸ் வாங்கிட்டியாப்பா?” என்று மட்டும் கேட்டாராம். வந்து சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

இன்று மத்தியான வேலை முடிந்ததும் பீரோவைத் திறந்து, உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டரோ காரோ, பெயர் உங்களுடையதாக இருக்கலாம். இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது, ஓட்டுகிறவர்களின் லைசென்ஸ் எதுவரை செல்லும் என்பதைக் காலண்டரில் எழுதுங்கள். பிறகு சாவியை ஆணியில் மாட்டுங்கள்.