தங்கமணியின் பி.எச்.டி.யும் என் மார்ச் 31-ம்

"நாற்பது வயசுக்கு மேல இது எதுக்கும்மா?"

தங்கமணி பி.எச்.டி. சேரப் போறேன்னு சொன்னப்போ நான் கேட்ட முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி, "எவ்வளவு இன்க்ரிமென்ட் வரும்?" பேங்க்காரன் வேற என்னத்தைக் கேட்பான் :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பி.காம். முடிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, டிரான்ஸ்ஃபர் துரத்தத் துரத்த ஓடி, இப்போ திருவனந்தபுரம் கரமனையில் வாடகை வீடு. நான் ஒவ்வொரு ஊர் மாறும்போதும் அவங்க ஒரு வேலையை விட்டாங்க. எம்.எஸ்சி. நர்சிங் படிச்சவங்க. என் சர்வீஸ் புக்கில் பிரமோஷன் ஏறிக்கிட்டே இருந்தது, அவங்க பயோடேட்டாவில் இடைவெளிதான் ஏறினது. இதை நானா உணரலை, அவங்க சொல்லித்தான் தெரியும்.

இங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியையா சேர்ந்து, பகுதி நேரமா பி.எச்.டி.க்குப் பதிவு பண்ணினாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பாட்டு: "ஓ.இ.டி. எழுதிட்டு லண்டன் போகாம இது என்ன வேலை?" எதிர்வீட்டு மலையாளி சேச்சியும் அதையேதான் கேட்டாங்க.

நர்சுக்கு என்ன ஆராய்ச்சின்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம் இருந்தது, ஒத்துக்கறேன். அவங்க வாதாடலை, வரலாறு சொன்னாங்க. நம்ம நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல் டில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ஆரம்பிச்சது. முதுகலை 1959-ல், டில்லியில். அதே டில்லி ராஜ்குமாரி அம்ரித் கௌர் கல்லூரியில் பி.எச்.டி. வர 1992 ஆச்சு. பட்டத்துக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நடுவில் 46 வருஷம்! அமெரிக்காவில் நர்சுகளுக்கான டாக்டர் பட்டப்படிப்பு 1924-லேயே கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜில் வந்தாச்சு. இங்கே 2000-களின் நடுவில்தான் இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பு அமைச்சு, பல ஊர்களில் ஆய்வு மையம் வச்சு, பி.எச்.டி.யைக் கொஞ்சம் பரவலாக்கினாங்க.

அப்புறம் லிண்டா ஐக்கன்னு ஒரு அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர். அவங்க குழு பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்ட கணக்கு: ஒரு நர்ஸ் தலையில் கூடுதலா ஒரு நோயாளியைக் கட்டினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுது. எந்த டாக்டருக்கும் கேட்கத் தோணாத கேள்வி பாருங்க. அன்னிக்கு வாயை மூடினேன்.

தங்கமணி எடுத்த விஷயம் பக்கவாதம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனதும் நோயாளியைப் பார்த்துக்கிற மனைவி, மகள், மருமகள் கதி என்ன? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் போடறது, மூக்கு டியூபில் கஞ்சி கொடுக்கறது எல்லாம் சொல்லிக் கொடுத்து, வாரா வாரம் போனில் பேசினா, அவங்க சுமை குறையுமா? ஒரு குழுவுக்குப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்புதல் படிவம்னு இதுக்கே ஒரு வருஷம் போச்சு. படிவமும் ரெண்டு மொழியில் வேணும். இங்கே பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு கன்னியாகுமரி, திருநெல்வேலியிலிருந்து நம்மாட்கள் நிறைய வர்றாங்களே.

சுமையை அளக்க ஸாரிட்னு ஒருத்தர் பேரில் 22 கேள்விப் பட்டியல் இருக்கு. அதைத் தமிழிலும் மலையாளத்திலும் கொண்டுவந்து, வேற ஒருத்தரை வச்சு மறுபடி இங்கிலீஷுக்குத் திருப்பி, அர்த்தம் மாறலையேன்னு ஒத்துப் பார்க்கணும். முன்னோட்டத்தில் ஒரு பெரியவர்கிட்ட "அண்ணன் உங்களுக்குப் பாரமா இருக்காரா?"ன்னு கேட்டதுக்கு, "எழுபது கிலோ இருப்பாரும்மா"ன்னாராம். சிரிச்சு முடிச்சப்புறம் தங்கமணி சொன்னாங்க, சிக்கல் அதில்லை, மாமியார் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும்போது எந்த மருமகள் "ஆமா, சுமைதான்"னு சொல்லுவா? அதனால தனியா, மொட்டை மாடியிலோ அடுப்படியிலோ உட்கார்ந்துதான் கேட்டாங்க. ஞாயித்துக்கிழமைகளில் நான்தான் டிரைவர். வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பேன்.

இனிமேதான் நான் அசிங்கப்பட்ட கதை.

பி.காமில் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்ட தைரியத்தில் எக்ஸெல் வேலையை நான் ஏத்துக்கிட்டேன். கடைசியில் பார்த்தா, பயிற்சி எடுத்த குழுவுக்கு சுமை கொஞ்சம் குறைவு, ஆனா பி மதிப்பு 0.05-ஐத் தாண்டி நிக்குது. அதாவது, பயிற்சியால எந்தப் பலனும் இல்லைன்னாலும் தற்செயலாவே இந்த அளவு வித்தியாசம் வந்திருக்கலாம். இத்தனை வருஷ உழைப்பு! ராத்திரி அவங்க தூங்கினப்புறம் பட்டியலை மேய்ஞ்சேன். பயிற்சிக் குழுவில் ரெண்டு பேர் மதிப்பெண் மட்டும் எங்கேயோ உச்சத்தில். அந்த ரெண்டு வரியை மறைச்சுப் போட்டேன். 0.05-க்குள்ள வந்துடுச்சு.

காலையில் காபியோட பெருமையா சொன்னேன். "ஏங்க, அந்த ரெண்டு பேரும் யாருன்னு தெரியுமா?"ன்னாங்க. "ராத்திரி பதினோரு மணிக்கு போனில் அழுதவங்க. ஒருத்தி வீட்டுக்காரர் துபாயில். இன்னொருத்தி மார்த்தாண்டம், கூட யாருமே இல்லை. அவங்களைத்தான் நீங்க அழிச்சிருக்கீங்க." கொஞ்சம் நேரம் கழிச்சு, "மார்ச் 31-க்கு ஒரு பிராஞ்ச் வராக்கடனை இப்படி மறைச்சா, நீங்க இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீங்க?"

என்ன எழுதுவேன்னு எனக்கு நல்லாவே தெரியும். மூணு தடவை எழுதியும் இருக்கேன்.

அப்புறம் ஒரு கட்டுரையை எடுத்து மேஜையில் வச்சாங்க. 2017-ல் லான்செட்டில் வந்தது. அட்டெண்ட் ஆய்வு. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரி, 1,250 பக்கவாத நோயாளிகள். குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்தா நோயாளி சீக்கிரம் தேறுவாரான்னு பார்த்திருக்காங்க. ஆறு மாசத்தில் வித்தியாசம் இல்லைன்னு முடிவு. அதை அப்படியே அச்சடிச்சிருக்காங்க. பலன் இல்லாத ஒண்ணுக்கு ஆளையும் காசையும் கொட்டாம இருக்க அந்தக் கட்டுரைதான் ஆதாரம்னாங்க. எனக்கு அது கடன் கொடுக்காம தப்பிச்ச கணக்கு மாதிரி புரிஞ்சது.

ஆய்வேட்டில் அந்த ரெண்டு வரியும் இருக்கு. கூடவே, ஆள் துணை இல்லாத வீட்டில் பயிற்சி மட்டும் போதலையோங்கிற கேள்வியைத் தனியா ஒரு பகுதியா எழுதியிருக்காங்க. வழிகாட்டிப் பேராசிரியைக்கு ரொம்பப் பிடிச்சது அதுதானாம். மார்த்தாண்டத்துக்கு இன்னும் போன் போகுது, ஆய்வு முடிஞ்சும்.

அடுத்த மாசம் வைவா. நான் வந்தா கடைசி பெஞ்சில் உட்காரணும், புள்ளிவிவரம் பத்தி யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஊரிலிருந்து என் மாமியார் போனில், "மாப்ள, இனிமே அவ காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தரலாமா?"ன்னு கேட்டாங்க. போனை தங்கமணிகிட்ட கொடுத்துட்டேன்.