வினையூக்கி தேடும் கம்ப்யூட்டரும் அக்கா மகளின் கெமிஸ்ட்ரியும்

"கரியமில வாயுவை எரிபொருளாக்கும் வினையூக்கியை ஏ.ஐ. கண்டுபிடிச்சிடுச்சு"ன்னு அப்பப்ப ஒரு செய்தி கண்ணுல படும். தலைப்பை மட்டும் படிச்சா, ஏதோ கம்ப்யூட்டரே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு சோதனைக் குழாயைக் கையில பிடிச்சு நிக்கிற மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் படிச்சா கதை வேற. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதப்போறேன்.

முன்னாடியே சொல்லிடறேன் மக்களே, நான் விஞ்ஞானி கிடையாது. ஒரு காலத்துல கெமிஸ்ட்ரி படிச்சவன், அவ்வளவுதான். இருக்கிறது ஆர்.கே.பேட்டை. இங்கே விசைத்தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேடணும். அதனால உதாரணமெல்லாம் தறியும் திருத்தணியுமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல அடிப்படை. கரியமில வாயு ரொம்ப சோம்பேறி. ஒரு கார்பன், ரெண்டு பக்கமும் ஆக்சிஜன், கெட்டியான பிணைப்பு. எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிபொருளாகவோ எத்திலீனாகவோ மாத்தணும்னா வெளியிலிருந்து சக்தி கொடுத்தே ஆகணும்.

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி. கோயிலுக்கு நேரா படிக்கட்டே இல்லை, பக்கத்துல இருக்கிற இன்னும் உயரமான மலை மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கித்தான் சாமியைப் பார்க்கணும்னு வச்சுக்கோங்க. எத்தனை பேர் போவாங்க? வினையூக்கிங்கிறது நேரா வெட்டின படிக்கட்டு. தேவையில்லாத ஏற்றத்தைக் குறைக்கும். ஆனா கோயில் இருக்கிற உயரத்தைக் குறைக்காது. அந்த 365 படியை ஏறித்தான் ஆகணும். அதுக்கான தெம்பு, நம்ம விஷயத்துல, மின்சாரம். நிலக்கரியை எரிச்சு அந்த மின்சாரத்தை எடுத்தா, நாம மாத்துற கரியமில வாயுவை விட புதுசா விடுறதுதான் அதிகமா இருக்கும். செய்தித் தலைப்புல இது மட்டும் வரவே வராது.

சரி, படிக்கட்டை எதுல வெட்டறது? 1980-களில் ஜப்பான்ல யோஷியோ ஹோரிங்கிறவர், தாமிரத் தகட்டை மின்முனையா வச்சா கரியமில வாயுவிலிருந்து மீத்தேன், எத்திலீன் எல்லாம் வருதுன்னு காட்டினார். எத்திலீன்னா நம்ம பாலிதீன் பைக்கு மூலப்பொருள். மத்த உலோகங்கள் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடோட நின்னுடும், இல்லேன்னா வெறும் ஹைட்ரஜனைக் கொடுக்கும். தாமிரம் மட்டும்தான் ரெண்டு கார்பனைச் சொல்லிக்கொள்ற அளவுக்குக் கோத்துக் கொடுக்குது.

ஏன்? இங்கேதான் தறி வருது. பாவு நூலை ரொம்ப இழுத்துக் கட்டினா அறுந்து போகும். தளர்வா விட்டா துணி தொய்யும். இழுவை அளவா இருக்கணும். வினையூக்கியும் அப்படித்தான். வழியில உண்டாகிற கார்பன் மோனாக்சைடை உலோகம் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா அது அங்கேயே குந்திக்கும். லேசாப் பிடிச்சா கிளம்பிப் போயிடும். அளவா பிடிச்சாத்தான் பக்கத்துல இருக்கிற இன்னொண்ணோட சேரும். 1912-ல் நோபல் பரிசு வாங்கின பால் சபாட்டியே பேருல இருக்கிற விதி இதுதான்.

தாமிரத்தோட பிடி ஓரளவுக்கு அளவானது. வேற உலோகத்தைக் கலந்தா இன்னும் சரியா அமையுமா? எதைக் கலக்கிறது, எவ்வளவு, படிகத்தோட எந்த முகம், அதுல எந்த இடம்? எல்லாத்தையும் ஆய்வகத்துல செஞ்சு பார்க்க ஒரு ஆயுசு பத்தாது. குவாண்டம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டி.எஃப்.டி.ன்னு ஒரு முறை இருக்கு. ஆனா ஒரே ஒரு இடத்துக்குக் கணக்குப் போடவே பெரிய கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்குல ஆகும், சில சமயம் நாள்கணக்குல.

இங்கேதான் மெஷின் லேர்னிங் உள்ளே வருது. 2020 மே மாசம் 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்துல எட்வர்ட் சார்ஜன்ட் குழு, கார்னகி மெலன்ல சக்கரி உலிஸி குழு, ரெண்டும் சேர்ந்து செஞ்சது. தாமிரம் கலந்த 244 படிகங்களை எடுத்தாங்க. அதுல 12,229 முகங்கள். அந்த முகங்கள்ல மூலக்கூறு ஒட்டக்கூடிய இடங்கள் 2,28,969. எல்லாத்துக்கும் கணக்குப் போடலை. கொஞ்சம் இடத்துக்குப் போட்டு, அந்த விடைகளைக் கம்ப்யூட்டருக்குக் கத்துக் கொடுத்தாங்க. மிச்சத்தை அது ஊகிச்சுது. ஊகத்துல எதெல்லாம் இலக்குக்குக் கிட்ட வருதோ, அதை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டு, விடையைத் திரும்ப அதுக்கே ஊட்டினாங்க. இப்படியே சுத்திச் சுத்தி, ஏறத்தாழ 4,000 கணக்கோட வேலை முடிஞ்சுது. அது கை காட்டின ஆள் யார் தெரியுமா? நம்ம அலுமினியம்! தாமிரமும் அலுமினியமும்.

அப்புறம் ஆய்வகத்துல அந்தக் கலவையைச் செஞ்சு, அலுமினியத்துல ஒரு பகுதியைக் கரைச்செடுத்து, நுண்துளை உள்ள பரப்பாக்கி ஓட விட்டாங்க. செலுத்தின மின்னோட்டத்துல 80 சதவீதத்துக்கு மேல எத்திலீனுக்குப் போச்சு. அதே நிலைமையில வெறும் தாமிரத்துக்கு 66 சதவீதம்தான்.

இப்போ யோசிங்க. 'இலக்கு'ன்னு சொன்னேனே, கார்பன் மோனாக்சைடை இவ்வளவு பிடிச்சாப் போதும்னு அந்த எண்ணைச் சொன்னது யாரு? கம்ப்யூட்டர் இல்லை. பல வருஷமா தகடு தகடா சோதிச்ச கெமிஸ்ட்ரிக்காரங்க. கலவையைக் கரைச்சு, வாயுவை ஓட்டி, என்ன வந்துச்சுன்னு அளந்து பார்த்தது யாரு? அவங்களேதான். ரெண்டே கால் லட்சம் கதவுல எதைத் தட்ட வேண்டாம்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு. அது சின்ன உதவி இல்லை. ஆனா எந்தத் தெரு, யார் வீடுன்னு மனுஷன்தான் சொன்னான். கதவைத் தட்டினதும் அவன்தான்.

இதை இவ்வளவு விலாவாரியா எழுதக் காரணம் இருக்கு. எங்க அக்கா மகள் பிளஸ் டூ முடிச்சிருக்கா. அவளுக்கு கெமிஸ்ட்ரி மேல ஆசை. வீட்டுல எல்லாரும் ஏ.ஐ. இன்ஜினியரிங் சேருன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க, கடன் வாங்கியாவது. அக்கா வீட்டுக்காரருக்கு இருக்கிறதே நாலு தறி. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"ஏன் மச்சான், எல்லாத்தையும் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும்னா இவ கெமிஸ்ட்ரி படிச்சு என்னத்தைப் பண்ணப்போறா?"

நான் திருப்பிக் கேட்டேன். "மாமா, இப்போ புடவை டிசைனை கம்ப்யூட்டர்லதானே போடறாங்க. நூலைப் பத்தி ஒண்ணுமே தெரியாத பையன் போட்ட டிசைன் தறியில ஓடுமா?"

"எங்க ஓடும்? இழை இழையா அறுந்து தள்ளும்."

"அதேதான் மாமா."

அவர் உடனே ஒத்துக்கலை. "வேலை கிடைக்குமா, அதைச் சொல்லு"ன்னார். கிடைக்கும்னு நான் வாக்குக் கொடுக்கலை. ஏ.ஐ. படிச்சா நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு மட்டும் சொன்னேன். கெமிஸ்ட்ரியை எடுத்துக்கிட்டு, கூடவே பைத்தான் கத்துக்கிறேன்னு அவளே சொல்லியிருக்கா. ரெண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கோம்.

நம்ம பக்கத்துலயும் ஆள் இல்லாம இல்லை. தூத்துக்குடியில ஒரு சோடா உப்பு ஆலை 2016-லேயே தன் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிச்சு, அதையே மூலப்பொருளா போட ஆரம்பிச்சுது. வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கிற திட்டம். ஆனா சோடா உப்பாக்கறது மலை ஏற்ற வேலை இல்லை, எத்திலீன்தான் ஏற்றம். அந்த ஏற்றத்துக்குப் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்துல செபாஸ்டியன் பீட்டர் குழு முயற்சி பண்ணுது. கரியமில வாயுவை மெத்தனாலாக்குற வேலைக்காக, அவரோட 'ப்ரீத்' அணி 2018-ல் கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியில இறுதிச் சுற்று வரைக்கும் போச்சு.

இன்னொரு நல்ல விஷயம். 2020-ல் ஃபேஸ்புக்கும் கார்னகி மெலனும் சேர்ந்து 'ஓப்பன் கேட்டலிஸ்ட்'னு ஒரு தரவுத் தொகுப்பை வெளியிட்டாங்க. 12 லட்சத்துக்கும் மேல டி.எஃப்.டி. கணக்குகள், யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். அப்படியும் போதலை. 2024-ல் அதே திட்டத்துல 572 மாதிரிகளை நிஜமாவே செஞ்சு, 441 மின்முனைகளைத் தயார் பண்ணிச் சோதிச்சாங்க. கணக்குக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அடைக்கிறதுதான் நோக்கமாம். அந்த இடைவெளியில நிக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் வேணும்.

கெமிஸ்ட்ரி படிச்சுட்டு கம்ப்யூட்டர் பக்கம் போனவங்க, இல்லை அங்கேருந்து இங்கே வந்தவங்க யாராவது இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. கசப்பா இருந்தாலும் பரவாயில்லை. அவளுக்கும் அவங்க அப்பாவுக்கும் அப்படியே படிச்சுக் காட்டறேன்.