பாடாத பெட்டி

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடி. 12 அடிக்கு 10 அடி ஹால். அந்த ஹாலில் ஏற்கெனவே ஒரு சோபா, ஒரு டிவி, ஒரு பீரோ, ஓர் ஊஞ்சல், ஊஞ்சலில் எப்போதும் ஒரு தாத்தா. இவ்வளவுக்கும் நடுவில் தலா 35 கிலோவில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டி நிறுத்த வேண்டும் என்று பேரனுக்குத் தோன்றினால் என்ன ஆகும்?

ஆயிற்று. 2022ல்.

"இந்தக் காலத்துல எல்லாம் சட்டைப் பைக்குள்ள அடங்கறது. உனக்கு மட்டும் ஏண்டா பீரோ சைஸ்ல வேணும்?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

பேரன் கட்ட நினைத்தது பழைய பாணி ஸ்டூடியோ மானிட்டர். அதாவது, பாட்டைப் பதிவு செய்யும் இடத்தில் இன்ஜினியர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கும் ஸ்பீக்கர். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் விருந்தாளி மாதிரி. எதைப் பரிமாறினாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடும். மானிட்டர் மாமியார் மாதிரி. உப்பு குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்லும். அதற்காகத்தான் அதை வைத்திருப்பதே!

1940களில் ஆல்டெக் நிறுவனம் 604 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 15 அங்குல ஸ்பீக்கர், அதன் நடுவிலேயே உயர்ந்த ஒலிகளுக்கு ஒரு ஹார்ன். அமெரிக்க ஸ்டூடியோக்களில் பல வருடங்கள் அதன் ராஜ்ஜியம்தான். 1960களின் பிற்பகுதியில் ஜேபிஎல் 4310 வந்தது. 12 அங்குல ஊஃபர், நடு ஒலிக்கு ஒன்று, உயர் ஒலிக்கு ஒன்று. அதையே கொஞ்சம் அலங்கரித்து, எல்100 என்று 1970ல் வீடுகளுக்கு விற்றார்கள். 1976ல் வந்த 4343ல் ஒலியை நான்காகப் பிரித்து நான்கு ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பெட்டி ஏறக்குறைய 80 கிலோ!

ஏன் இவ்வளவு பெரிசு? காற்றுதான் காரணம். கீழ் ஸ்வரங்களுக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே அளவு சத்தம் வர நான்கு மடங்கு காற்று நகர வேண்டும். சின்ன ஸ்பீக்கர் அதற்காகக் குதி குதி என்று குதிக்கும். பெரிய ஸ்பீக்கர் லேசாக அசைந்தாலே போதும். மிருதங்கத்தின் இடது பக்கத்து கும்கி மேஜை மேல் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் 'டுப்' என்று செத்துப்போவது இதனால்தான்.

அசலை வாங்க லட்சங்கள் வேண்டும். கல்லூரி மாணவனிடம் லட்சம் ஏது? எனவே கட்ட வேண்டியதுதான்.

முதலில் ரிச்சி தெரு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். கெபாசிட்டர், டெர்மினல், எனாமல் பூசிய செம்புக் கம்பி, எல்லாம் அங்கே கிடைத்தன. ஊஃபர்கள் மட்டும் பழசு. 12 அங்குலம், கல்யாண மண்டபத்தில் ஓய்வு பெற்றவை. காகிதக் கோனைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபோம் தொட்டால் உதிர்ந்தது. சென்னையின் ஈரப்பதத்தில் ஃபோம் நிலைப்பதில்லை. கோன் மாற்றுகிறவரிடம் கொடுத்துத் துணி விளிம்பு போட்டு வாங்கியாயிற்று.

அடுத்தது பலகை. எம்.டி.எஃப். மலிவு, ஆனால் தண்ணீர் பட்டால் இட்லி மாதிரி உப்பும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு அது சரிப்படாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், 8க்கு 4 ஷீட் இரண்டு, தி.நகரிலிருந்து மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது.

ஆசாரி வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை தட்டு வைக்கணும் தம்பி?"

"தட்டு வேண்டாம் அண்ணே."

"கதவு?"

"கதவும் வேண்டாம்."

"தட்டும் இல்ல, கதவும் இல்ல. முன்னாடி மட்டும் இம்மாம் பெரிய ஓட்டை. எதுக்குத் தம்பி, புறா வளக்கப் போறியா?"

வெட்டியெடுத்த வட்டப் பலகைகள் இரண்டும் அன்றைக்கே அம்மாவின் தண்ணீர்க் குடங்களுக்கு மூடியாகிவிட்டன. இந்த வேலையில் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

பெட்டி வெளிப்பக்கம் 30 அங்குல உயரம், 20 அகலம், 16 ஆழம். உள்ளே ஏறக்குறைய 120 லிட்டர் காற்று. முன்பலகையில் ஊஃபருக்குக் கீழே ஒரு துளை, அதில் 4 அங்குல பிவிசி குழாய். இந்தக் குழாய் எதற்கு? காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சத்தம் வருமே, அதே சங்கதி. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி, கழுத்தில் இருக்கும் காற்று எடை மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்வரத்தில் ஊசலாடும். கடம் வாசிப்பவர் பானை வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் ஒலியை மாற்றுவதும் இதை வைத்துத்தான். ஊஃபர் மூச்சு வாங்கும் கீழ் ஸ்வரத்தில் இந்தக் காற்று கைகொடுக்கும். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை ரொம்ப காலம் குத்துமதிப்பாகத்தான் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் அதற்கு ஒழுங்கான கணக்கு கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி 120 லிட்டரை 32 ஹெர்ட்ஸில் ஒலிக்கவைக்க இந்தக் குழாய் 12, 13 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பிளம்பர் கடையில் மிச்சத் துண்டாகவே கிடைத்தது.

இவ்வளவையும் ஊஞ்சலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் தாத்தா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீணை வாசிப்பார். ஒரு காலத்தில் டிசம்பர் சீசன் என்றால் காலையில் மியூசிக் அகாடமி, சாயங்காலம் வாணி மகால். 2017க்குப் பிறகு கச்சேரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால், "இப்பல்லாம் யாருக்கும் சுருதி சேக்கவே தெரியலை. தம்புரா என்னமோ டேபிள் ஃபேன் மாதிரி ஓடறது. பாடறவாளும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறா" என்பார். வயசானவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டி ஒட்டி முடிந்த அன்று தாத்தா எழுந்து வந்து, பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி பலகையை விரல் முட்டியால் தட்டினார். 'டொக்'.

"என்னடா இது, நாதமே இல்லை?"

"இருக்கக் கூடாது தாத்தா."

உண்மைதான். வீணையின் குடம் பலா மரம். தந்தி மட்டும் இருந்தால் கீச்சென்று ஒரு சின்ன சத்தம். அதற்குக் குரல் கொடுப்பது மரம்தான். தஞ்சாவூரில் மரத்தைக் குடைவதே அது பாட வேண்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டி நேர் எதிர். அது பாடினால், எந்தப் பாட்டைப் போட்டாலும் அதில் பெட்டியின் பாட்டும் சேர்ந்துகொள்ளும். பெட்டியின் ஒரே கடமை வாயை மூடிக்கொண்டு இருப்பது. அதற்குத்தான் உள்ளே குறுக்குச் சட்டங்கள். அதிலும் பிபிசி இன்ஜினியர்கள் ஒரு வினோதம் செய்தார்கள். கனமான பலகைக்குப் பதில் மெல்லிய பலகையில் பிசுபிசுப்பான தார்ப் பூச்சை ஒட்டி, பலகையின் அதிர்வைச் சாகடித்தார்கள். இரண்டு வழிக்கும் நோக்கம் ஒன்றே.

தாத்தாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "அப்ப இது கேக்கற வித்வான். பாடற வித்வான் இல்லை" என்றார்.

உயர் ஒலி, நடு ஒலி, கீழ் ஒலி என்று பிரித்து அனுப்புவதற்குக் காயிலும் கெபாசிட்டரும். காயில் கீழ் ஒலியை விடும், கெபாசிட்டர் மேல் ஒலியை விடும். சல்லடை மாதிரி. பழைய மானிட்டர்களில் இருப்பது போலவே முன்பலகையில் இரண்டு திருகு. ஒன்று நடு ஒலிக்கு, மற்றது உயர் ஒலிக்கு. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு விதம் என்பதால் அறைக்குத் தக்கபடி கூட்டவும் குறைக்கவும் இந்த ஏற்பாடு.

அறை எப்படிப் படுத்தும் என்பது மந்தைவெளி ஹாலில் நன்றாகத் தெரிந்தது. 12 அடி சுவர்களுக்கு நடுவில் 47 ஹெர்ட்ஸ், 10 அடி சுவர்களுக்கு நடுவில் 56 ஹெர்ட்ஸ். இந்த இரண்டும் சிமெண்ட் சுவரில் மோதி மோதித் திரும்பி, மூலையில் போய்க் குவிந்தன. பீரோ கதவு தானாகத் தாளம் போட்டது. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் தள்ளி, சோபாவை நகர்த்தி, மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திய பிறகுதான் அடங்கியது. அடையாறிலிருந்து ஒரு நண்பன் அளவெடுக்கும் மைக் கொண்டு வந்தான். ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அளந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் கோடு இடமிருந்து வலமாக ஏறக்குறைய நேராகப் போயிற்று. ஆறு மாச உழைப்பு அந்த ஒரு கோட்டில் இருந்தது.

மறுநாள் அரங்கேற்றம். தாத்தாவின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்று. முதலில் தம்புரா. அம்மா கை வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். "டேய், இங்கயே யாரோ உக்காந்து மீட்டற மாதிரி இருக்குடா!"

தாத்தா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "மந்தமா இருக்கு. டேபிள் ஃபேன்."

பேரனுக்குக் கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. கோடு நேராக இருக்கிறது. காயில் சரி, கெபாசிட்டர் சரி. தாத்தாவோ ஊஞ்சலில் இருந்து இறங்கி வந்து, பெட்டியின் முன்னால் குனிந்து, உயர் ஒலித் திருகைக் கடைசி வரை திருப்பினார். ஹாலில் ஊசி ஊசியாகச் சத்தம். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கீழ் வீட்டு மாமி மாடியேறி வந்து, "என்னடா இது, தகரத்தைக் கீர்றாப்பல?" என்று கேட்டாள்.

தாத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இப்பதான் தம்புரா தம்புராவா இருக்கு."

பேரனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. எல்லோரும் போன பிறகு, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்வரமாகப் போட்டான். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸ், விரல் எழுந்தது. 1000, எழுந்தது. 2000, யோசித்து எழுந்தது. 4000, எழவில்லை. 8000 போட்டு, பேரனின் காதே கூசும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றினான்.

"எப்படா ஆரம்பிக்கப் போறே?" என்றார் தாத்தா.

காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதன் வாசல் பக்கத்து மயிர்ச் செல்கள் உயர்ந்த ஒலிக்கு, உள் கோடியில் இருப்பவை தாழ்ந்த ஒலிக்கு. வயதாகும்போது பெரும்பாலும் வாசல் பக்கம்தான் முதலில் தேயும். தேய்ந்தவை திரும்ப முளைப்பதில்லை. அதனால் செவிடு என்று சட்டென்று யாருக்கும் தெரியாது. பேசுவது கேட்கும், ஆனால் புரியாது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மை உயர்ந்த ஒலியில் இருப்பதால், அது போனதும் எல்லோரும் முணுமுணுப்பதாகத் தோன்றும். தம்புராவின் உயிரே, ஜீவா நூலை வைத்தால் மேலே மினுமினுக்கும் உப ஒலிகள்தான். அந்த உப ஒலிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மிருதங்கமே சாட்சி. தோலின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணைதான் அவற்றை ஒழுங்குபடுத்தி ஸ்வரமாக்குகிறது என்று சி.வி. ராமன் 1920லேயே எழுதியிருக்கிறார். மேலே உள்ளதை வடிகட்டிவிட்டால் தம்புராவில் மிஞ்சுவது? டேபிள் ஃபேன்!

ஆக, ஐந்து வருடமாக அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவருக்குக் கேட்டதைத்தான் சொன்னார். குறை பாடகர்களிடம் என்று அவர் நினைத்தார், குறை அவர் குணத்தில் என்று வீடு நினைத்தது. இரண்டுமே தப்பு.

அடையாறில் ஒரு காது மருத்துவரிடம் போனார்கள். அங்கேயும் ஒரு கோடு வரைந்து கொடுத்தார்கள். இடது பக்கம் மேலேயே ஓடி, வலது பக்கம் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. பேரன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லும் பெட்டி வேண்டும் என்றுதானே கட்டினான்? சொல்லிவிட்டது.

இரண்டு காதுக்கும் கருவி வந்தது. முதல் மாதம் தாத்தா அதைத் திட்டித் தீர்த்தார். "பேப்பரைத் திருப்பினா அப்பளம் நொறுக்கறாப்பல இருக்கு." மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கத் தோன்றும் நாட்களுக்காக, உயர் ஒலித் திருகைச் சுற்றிப் பென்சிலில் இரண்டு கோடு போட்டிருக்கிறான் பேரன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று தாத்தாவுக்கு. இரண்டாவது கோட்டில் வைக்கும்போது அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரும் எதுவும் சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர், எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், இந்தக் காலத்துப் பாட்டு மந்தமாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டால், அவரோடு வாதாடுவதற்கு முன் ஒரு முறை காதைப் பரிசோதித்துவிடுங்கள். அதற்கு 35 கிலோ பெட்டி தேவையில்லை.

2023 டிசம்பரில் தாத்தா மறுபடி வாணி மகாலுக்குப் போனார். பேரன்தான் கூட்டிக்கொண்டு போனான். வெளியே வந்ததும் கேட்டான், "எப்படி தாத்தா இருந்தது?"

"தம்புரா சுருதி சேரலைடா."

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அன்றைக்கு நிஜமாகவே சேரவில்லை.